இடையில் நின்றவர்கள்

"பேச்சு செத்துவிட்டது, விரல்தான் பேசுகிறது" என்று ஒரு புலம்பல் ஊர்தோறும் கேட்கிறது. அழைத்தால் எடுக்காத மகன், அடுத்த நொடியே "என்ன?" என்று எழுதி அனுப்புகிறானாம். ஒரே கூரையின்கீழ் இருப்போர்கூட வாய் திறவாமல் குறுஞ்செய்தியில் குடித்தனம் நடத்துகிறார்களாம். குரலில் குழைந்த பாசம் எங்கே, கடிதத்தில் கசிந்த அன்பு எங்கே என்று கேட்டுவிட்டு, "அந்தக் காலம் பொற்காலம்" என்று பெருமூச்சு விடுகின்றனர் பெரியவர்கள்.

பெருமூச்சை மதிப்போம். ஆனால் பெருமூச்சு வரலாறு ஆகாது. அந்தப் பொற்காலத்தில் யார் எழுதினார்கள்? யார் பேசினார்கள்? யாருக்கு வாய் இருந்தது, யாருக்கு வாய்ப்பூட்டு இருந்தது? இந்தக் கேள்விகளோடு ஏட்டைப் புரட்டினால், சொல்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவே எப்போதும் வேறொருவர் நின்றிருப்பதைக் காண்கிறோம். எழுத்தா, குரலா என்னும் வழக்கைத் தீர்க்குமுன், அந்த நடுவில் நின்றவரை விசாரிப்பதே முறை.

காலணா அட்டையும் கடன் வாங்கிய வாயும்

1854-இல் இந்தியா முழுமைக்கும் ஒரே அஞ்சல் கட்டணம் வந்தது. தொலைவு எதுவாயினும் கால் தோலா எடையுள்ள கடிதத்திற்கு அரை அணா. 1879-இல் அஞ்சலட்டை வந்தது. அதன் விலை காலணா. ஏழையும் எட்டிப் பிடிக்கும் விலை! ஆனால் விலை இறங்கியது போல் எழுத்தறிவு ஏறியதா? நாடு விடுதலை பெற்ற பின்னர், 1951-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்போதுகூட, நூற்றுக்கு 18 பேரே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். பெண்களில் நூற்றுக்கு 9 பேர்கூட இல்லை.

ரங்கூனுக்கும் பினாங்குக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் பிழைக்கப்போன கணவன்மார்களை எண்ணிப் பாருங்கள். ஊரிலே மனைவி. கடிதம் வருகிறது. அவள் அதைக் கையில் வாங்கலாம், கண்ணில் ஒற்றலாம், படிக்க முடியாது. திண்ணைக்குப் போகவேண்டும். வாத்தியாரோ, கணக்குப்பிள்ளையோ, கடிதம் கொண்டுவந்த அஞ்சல்காரரோ படித்துக் காட்டவேண்டும். அண்டை அயலார் காது கொடுத்து நிற்பர். மாமியார் கதவோரம் நிற்பாள். பதிலும் அப்படியே. அவள் சொல்ல, இன்னொருவர் எழுதவேண்டும்.

அந்த நிலையில் அவளால் எதைச் சொல்ல இயலும்? மாமியார் சோற்றை அளந்து போடுகிறாள் என்று சொல்ல முடியுமா? கொழுந்தன் பார்வை சரியில்லை என்று சொல்ல முடியுமா? "நலம், நலமறிய அவா" என்று தொடங்கி, "மற்றவை நேரில்" என்று முடித்தார்கள். அந்த வாசகத்தை நம் பெரியவர்கள் பண்பாடு என்று பாராட்டுகின்றனர். பண்பாடும் இருக்கலாம், ஆனால் பிறர் முன்னிலையில் திறக்கப்படும் நெஞ்சில் வேறு எதை வைக்க முடியும்? சொல்ல முடியாத அனைத்தும் அந்த "மற்றவை" என்னும் ஒரு சொல்லுக்குள் புதைந்து கிடந்தன.

தந்தி வந்தபோது தொல்லை இன்னும் மிகுந்தது. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. போவதோ பெரும்பாலும் ஆங்கில எழுத்தில். தந்திக்காரரைத் தெருமுனையில் கண்டதும் ஒப்பாரி தொடங்கிவிடும்; சாவுச் செய்தியா, வேலைக்கான ஆணையா என்பதை ஆங்கிலம் தெரிந்தவரைத் தேடிப் பிடித்த பின்னரே அறியலாம். தன் வீட்டுச் சாவைத் தெரிந்துகொள்ளவும் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்த காலம் அது! 2013 சூலை 14-ஆம் நாளோடு இந்தியாவில் பொதுமக்களுக்கான தந்தி முடிந்தது. அதற்காகக் கண்ணீர் விட்டவர்கள், அது யாரைக் கண்ணீர் விட வைத்தது என்பதையும் நினைத்திருக்க வேண்டும்.

மணி ஒலித்தது, காதுகள் முளைத்தன

1876-இல் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். 1882-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் தொலைபேசி நிலையங்கள் இயங்கத் தொடங்கின. குரல் கம்பியில் ஓடியது. எழுத்தறியாதவருக்கும் வழி பிறந்தது என்று மகிழலாம். ஆனால் அந்தக் கம்பி எந்த வீட்டுக்குப் போயிற்று? வணிகர் மாளிகைக்கும் அதிகாரிகள் இல்லத்திற்கும் போயிற்று. சிற்றூருக்கு அது வந்துசேர நூறாண்டுகள் ஆயின.

வந்தபோதும் தனியாக வரவில்லை. வெளியூர்ப் பேச்சு என்றால் ட்ரங்க் கால். நிலையத்தில் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்கவேண்டும். இணைத்துவிடும் ஊழியர் இடையில் நிற்பார். 1960 நவம்பரில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே, ஊழியர் உதவியின்றி நேரே சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. முறை இந்தியாவில் முதன்முதல் வந்தது. 1980-களின் பிற்பகுதியிலிருந்து கடைத்தெருதோறும் மஞ்சள் பலகை மாட்டிய தொலைபேசிக் கூண்டுகள் முளைத்தன. இரவு ஏற ஏறக் கட்டணம் இறங்கும். ஆகவே இரவில் வரிசை நீளும். கண்ணாடிக் கூண்டுக்குள்ளே ஒருவர் அழுவார். வெளியே பத்துப்பேர் பார்ப்பர். கடைக்காரரின் கண் மீட்டரில் இருக்கும், காது கூண்டில் இருக்கும். ஊழியர் போனார், கடைக்காரர் வந்தார். இடையில் நிற்பவரின் உருவம் மாறிற்று, இடம் மாறவில்லை.

வீட்டுக்குத் தொலைபேசி வந்தபோது அது கூடத்தில் வைக்கப்பட்டது. ஏன் கூடத்தில்? எல்லோரும் கேட்கவேண்டும் என்பதற்காக! மணி ஒலித்தால் அப்பா எடுப்பார். "யார்? எதற்கு? என்ன வேலை?" என்ற விசாரணை முடிந்தபின்னரே மகளின் கைக்கு அது போகும். குரலில் குழைந்த பாசம் என்கிறார்களே, அந்தக் குரலுக்குத் தணிக்கை அதிகாரி வீட்டிலேயே இருந்தார்.

எல்லைக்கோட்டில் ஒரு பேட்டை

எங்கள் ஆர்.கே.பேட்டையை எடுத்துக்கொள்வோம். ராமகிருஷ்ணராஜுபேட்டை என்பது முழுப்பெயர். தறி ஓசையே தாலாட்டாக அமைந்த வட்டாரம் இது. அருகே திருத்தணி மலை. சற்று நடந்தால் ஆந்திர எல்லை. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணிப் பகுதியும் அங்கே போயிற்று. ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் விளைவாக, 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தமிழ் மண் தமிழரிடம் திரும்பியது பெரும் வெற்றி. அதே கோடு, கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த பல குடும்பங்களுக்கு நடுவிலும் ஓடிற்று.

அக்காள் அந்தப்பக்கம், தங்கை இந்தப்பக்கம். வீட்டில் இருவர்க்கும் தெலுங்கு. கடைத்தெருவில் இருவர்க்கும் தமிழும் தெரியும். ஆனால் அக்காளின் பிள்ளைகள் படித்தது தெலுங்கு எழுத்து. தங்கையின் பிள்ளைகள் பலரும் படித்தது தமிழ் எழுத்து. பெரியம்மாவின் வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றால் எந்த எழுத்தில் எழுதுவது? நாவுக்குத் தெரிந்த மொழி கைக்குத் தெரியவில்லை. இத்தகைய குடும்பங்களுக்குத் தொலைபேசி பெருங்கொடை. எழுத்து பிரித்ததைக் குரல் சேர்த்தது. எல்லைக்கு அப்பால் உள்ள பெரியம்மா பேச, இங்கே உள்ள பிள்ளை புரிந்துகொண்டது. ஆகவே குரலை இகழ்வதற்கு இல்லை.

ஆயினும் குரலுக்குச் சுங்கம் இருந்தது. 1995 சூலை 31-இல் கல்கத்தாவிலிருந்து சோதிபாசு டில்லிக்குப் பேசிக் கைப்பேசியைத் தொடங்கிவைத்தார். அந்நாளில் நிமிடத்திற்கு 16 ரூபாய் வரை கட்டணம்; வந்த அழைப்பை ஏற்றாலும் காசு. அதன் பின்னரும் தமிழ்நாடு ஒரு தொலைத்தொடர்பு வட்டம், ஆந்திரம் வேறொரு வட்டம். எல்லையோரத்தில் அடுத்த மாநிலத்துக் கோபுரம் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டால், சொந்த ஊரில் உட்கார்ந்தபடியே வெளிமாநிலக் கட்டணம் கட்டவேண்டும்! மண்ணிலே போட்ட கோடு வானத்திலும் போடப்பட்டது.

ஏழை அதற்கும் ஒரு வழி கண்டான். 2003 மே மாதம் முதல் வரும் அழைப்புகளுக்குக் காசில்லை என்றானதும், "மிஸ்டு கால்" நாட்டின் பொதுமொழி ஆயிற்று. ஒருமுறை ஒலித்தால் "வந்து சேர்ந்தேன்", இருமுறை ஒலித்தால் "நீ கூப்பிடு". குரலுமில்லை, எழுத்துமில்லை, செலவுமில்லை. இல்லாமை கற்பித்த இலக்கணம் அது.

நூற்று அறுபதும் எழுபதும்

குறுஞ்செய்தியின் கதை அஞ்சலட்டையிலிருந்து தொடங்குகிறது. 1985-இல் ஜெர்மானியப் பொறியாளர் ஹில்லெபிராண்ட், ஒரு செய்திக்கு எத்தனை எழுத்துகள் போதும் என்று ஆராய்ந்தார். மக்கள் அனுப்பிய அஞ்சலட்டைகளைப் பார்த்தார். பெரும்பாலானவை 150 எழுத்துகளுக்குள் அடங்கின. 160 போதும் என்று முடிவு செய்தார். 1992 திசம்பர் 3-இல் இங்கிலாந்தில் முதல் குறுஞ்செய்தி, ஒரு கிறித்துமசு வாழ்த்து, அனுப்பப்பட்டது.

160 என்பது உரோமன் எழுத்துக்கு. தமிழுக்கு எவ்வளவு? 70! ஒரு செய்தியின் கொள்ளளவு 140 பைட். உரோமன் எழுத்துக்கு ஏழு பிட் போதும், தமிழ்க் குறியீட்டுக்குப் பதினாறு பிட் வேண்டும் என்று அமைத்துவிட்டார்கள். அதிலும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனிக் கணக்கு. "வணக்கம்" என்பதை ஐந்து எழுத்து என்று நாம் பள்ளியில் கற்பிக்கிறோம். கருவி அதை ஏழு என்று எண்ணுகிறது. ஒரே காசுக்கு ஆங்கிலத்தில் ஒரு பத்தி, தமிழில் ஒரு வரி! போதாக்குறைக்கு, அனுப்பிய தமிழ் பல கைப்பேசிகளில் வெறுங்கட்டங்களாய்த் தெரிந்தது. இளைஞர்கள் தமிழை உரோமன் எழுத்தில் எழுதப் பழகியது மொழிப்பற்று இன்மையால் என்று ஏசுகிறோம். அவர்களை அந்த வழியில் தள்ளியது இந்தக் கணக்கு என்பதை அறிதல் வேண்டும். இன்று இணையவழிச் செய்திக்கு அந்த எல்லை இல்லை. தமிழ்த் தட்டச்சு கைப்பேசியிலேயே இருக்கிறது. தளை அறுந்த பின்னும் பழைய நடையிலேயே நடப்பதுதான் வருந்தத்தக்கது.

2016-க்குப் பின்னர், மாதக் கட்டணம் கட்டியவர்க்கு அழைப்புக்கென்று தனிக் காசு கேட்பது பெரும்பாலும் போய்விட்டது. ஆயினும் இளைஞர் எழுதுகின்றனர். ஏன்? விசைத்தறிக் கூடத்தில் நிற்பவனைக் கேளுங்கள்: அந்த இரைச்சலில் குரல் எடுபடாது; எழுத்து காத்திருக்கும். செவித்திறன் அற்றவரைக் கேளுங்கள். பெல்லின் தாய்க்கும் காது கேளாது, மனைவிக்கும் கேளாது. அவரோ காதுகேளாதோருக்கு ஆசிரியர். அவர் ஆக்கிய கருவிதான் காதுகேளாதோரை நூறாண்டுகளுக்கு மேல் வாயிலில் நிறுத்தியது! குறுஞ்செய்தி வந்த பின்னரே அவர்கள் எவர் துணையுமின்றி, எவ்விடத்திலிருந்தும் நண்பனோடு உரையாடினார்கள்.

கடைசியாக, கூடத்திலே நிற்கும் அந்தப் பெண்ணைக் கேளுங்கள். அவளுடைய பாட்டி திண்ணையிலே பிறர் வாயால் கேட்டாள். தாய் கூடத்திலே பிறர் காதுக்கு நடுவே பேசினாள். இவள்தான் முதன்முதலாக, எவரும் இடையில் நில்லாமல், தன் சொல்லைத் தானே அனுப்புகிறாள். இது சிலருக்குப் பொறுக்கவில்லை. 2016-இல் குசராத்தின் மேசானா மாவட்டத்திலுள்ள சூரஜ் என்னும் சிற்றூர், மணமாகாத பெண்கள் கைப்பேசி வைத்திருக்கக் கூடாது என்று தடை விதித்தது; மீறினால் அபராதம். "பெண்ணுக்கு எழுத்தறிவு தந்தால் காதல் கடிதம் எழுதுவாள்" என்று முன்னர் பேசிய அதே வாய்தான் இது. கருவி மாறினாலும் அச்சம் மாறவில்லை. அவர்கள் அஞ்சுவது கைப்பேசிக்கன்று. காவலாளி இல்லாத சொல்லுக்கு!

கையெழுத்தில்லாக் கடிதம்

அப்படியானால் எழுத்து வென்றது, குரல் தோற்றது என்று கொடி ஏற்றிவிடலாமா? தோழர்களே, பொறுங்கள்.

காலணா அட்டைக் காலத்திலேயே ஒரு நோய் இருந்தது. "இந்தச் சாமியின் மகிமையை இத்தனை பேருக்கு எழுதியனுப்பு, அனுப்பினால் செல்வம், கிழித்தால் கேடு" என்று அட்டைகள் வரும். எழுதியவர் பெயர் இராது. அஞ்சியவர்கள் உட்கார்ந்து கைவலிக்க எழுதினார்கள். இன்று கைவலி இல்லை. ஒரு விரல் போதும். அட்டை அச்சுறுத்திக் காசைக் கரைத்தது. இன்றைய செய்தி உயிரைக் குடித்தது.

2018 மே மாதம். குழந்தை கடத்துவோர் வந்துவிட்டனர் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிற்று. நம் திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டில் ஒரு மனிதர் அடித்துக் கொல்லப்பட்டார். திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்த குற்றத்திற்காகக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு சூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி வரம்பு கட்டியது. வரம்பு கட்ட வேண்டியது கருவிக்கு மட்டுமா?

கடிதத்திற்குக் கையெழுத்து இருந்தது. தொலைபேசிக்குக் குரல் இருந்தது. குரலுக்கு உரியவர் இன்னார் என்று தெரிந்தது. கைமாறிக் கைமாறி வரும் செய்திக்குக் கையெழுத்தும் இல்லை, குரலும் இல்லை. திண்ணையிலிருந்து விரட்டிய அந்த இடையாள், முகமூடி அணிந்து, நம் கைக்குள்ளேயே வந்து அமர்ந்துவிட்டான். முன்னவன் நம் சொல்லைத் தடுத்தான். இவன் தன் சொல்லை நம் பெயரில் அனுப்புகிறான்.

ஆகவே நம் வேலை தெளிவானது. இழவு வீட்டுக்கு எழுத்து போதாது, குரலால் பேசுங்கள். மனத்தாங்கல் தீரவேண்டுமா, அழைத்துப் பேசுங்கள். மற்ற நேரத்தில் எழுதுங்கள். உங்கள் சொந்த வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். பிறர் அனுப்பியதை அனுப்புமுன், "இதன்கீழ் நான் கையெழுத்திடுவேனா?" என்று ஒருமுறை கேளுங்கள். 2011 கணக்கின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 73 பேர் எழுத்தறிந்தவர்கள். எஞ்சிய 27 பேரில் ஒருவர் உங்கள் தாயாக இருக்கலாம், பாட்டியாக இருக்கலாம். அவர்களுக்கு வந்த செய்தியை நீங்கள் படித்துக் காட்டினால், நீங்களும் திண்ணையில் அமர்ந்த கணக்குப்பிள்ளைதான். படிக்கக் கற்றுக்கொடுங்கள். அ, ஆ முதற்கொண்டு, மாலைக்கு ஓர் எழுத்தாக, அந்தக் கைப்பேசியிலேயே கற்றுக்கொடுங்கள்.

பாட்டி "மற்றவை நேரில்" என்று விட்டுவைத்ததெல்லாம் இன்னும் எழுதப்படாமல்தான் இருக்கிறது. அதை அவளே எழுதட்டும்.