முந்தக் கூடாத ஓட்டம்: குப்பியோவின் புனித உபால்தோ திருவிழா

இத்தாலியின் நடுவே உள்ள உம்பிரியா மண்டலத்தில், இன்ஜினோ மலையின் சரிவில் அடுக்கடுக்காக எழுந்த கல் ஊர் குப்பியோ. அசிசி நகரப் புனித பிரான்சிஸ் ஓநாயைச் சாந்தப்படுத்திய கதை நடந்ததாகச் சொல்லப்படுவது இங்கேதான். ஆனால் ஊரின் பாதுகாவலர் அவர் அல்லர். 12-ஆம் நூற்றாண்டில் இங்கு ஆயராக இருந்த புனித உபால்தோ. அவருடைய திருநாள் மே 16. அதற்கு முந்தைய நாளான மே 15 அன்று, மூன்று பெரிய மரத் தூண்களைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஊர் மக்கள் மலையுச்சிக்கு ஓடுகிறார்கள். ‘செரி’ எனப்படும் அந்தத் தூண்களே திருவிழாவின் உயிர்.

சமாதானம் செய்த ஆயர்

பல்தாசினி என்ற உயர்குடியில் பிறந்த உபால்தோ 1129-இல் குப்பியோவின் ஆயரானார். அவருக்குப் பின் ஆயரான தெயோபால்தோ எழுதிய வரலாறு அவருடைய பொறுமையை விரிவாகச் சொல்கிறது. மதில் கட்டும் வேலையில் தமது திராட்சைத் தோட்டம் பாழாவதை ஆயர் எடுத்துச் சொன்னபோது, கொத்தனார்களின் தலைவன் அவரைச் சுண்ணாம்புச் சாந்தில் பிடித்துத் தள்ளினான். அவனைத் தண்டிக்க ஊரே கொதித்தெழுந்தது. ஆயரோ அவனுக்குச் சமாதான முத்தம் தந்து மன்னித்தார். இன்னொரு முறை நகரத்தார் இரு பிரிவாகி வாளேந்தி மோதியபோது நடுவில் புகுந்து விழுந்து கிடந்தார். ஆயர் இறந்துவிட்டார் என்று நினைத்தவர்கள் ஆயுதங்களைப் போட்டார்கள்.

1155-இல் பேரரசர் பிரெடரிக் பார்பரோசாவின் படை ஸ்போலெத்தோ நகரை அழித்துவிட்டு வந்தது. நோயுற்றிருந்த நிலையிலும் உபால்தோ பேரரசரைச் சந்தித்துப் பேசினார், குப்பியோ தப்பியது. 1160 மே 16 அன்று அவர் இறந்தார். திருத்தந்தை மூன்றாம் செலஸ்தீன் 1192-இல் அவரைப் புனிதராக அறிவித்தார். 1194-இல் அவரது உடல் இன்ஜினோ மலைமேல் கொண்டுசெல்லப்பட்டது. இன்றும் அங்குள்ள பசிலிக்காவின் பீடத்துக்கு மேலே கண்ணாடிப் பேழையில் இருக்கிறது.

மெழுகிலிருந்து மரத்துக்கு

திருநாளுக்கு முந்தைய மாலையில் தொழிற்குழுக்கள் மெழுகுத் திரிகளை ஏந்திப் பவனியாகச் சென்று காணிக்கையாக்குவது இடைக்கால வழக்கம். காலப்போக்கில் அந்த மெழுகுக் காணிக்கைகள் பெரிய உருவங்களாக வளர்ந்தன. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெழுகின் இடத்தை மரம் பிடித்தது. ஊரின் கொன்சோலி அரண்மனையில் உள்ள ஏழு வெண்கலப் பட்டயங்கள் கிறிஸ்துவுக்கு முற்பட்ட உம்பிரிய மக்களின் சடங்குகளை விவரிக்கின்றன. அவற்றைக் கொண்டு, திருவிழாவின் வேர் பழைய வசந்தச் சடங்கு ஒன்றில் இருப்பதாகச் சிலர் கருதுகிறார்கள். எனினும் மெழுகுக் காணிக்கையிலிருந்து வந்த தொடர்ச்சியே ஆவணங்களில் தெளிவாகக் காணப்படுவது.

ஒவ்வொரு தூணும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு எண்கோணப் பகுதிகளால் ஆனது. உயரம் நான்கு மீட்டருக்கும் மேல். சுமப்பதற்கான தண்டுகளோடு சேர்த்து எடை ஏறத்தாழ 300 கிலோ. உச்சியில் புனிதரின் சிறு சுரூபம் நிற்கும். உபால்தோவின் தூண் கொத்தனார்களுக்கு உரியது. அவர்களுக்கு மஞ்சள் சட்டை. புனித ஜார்ஜின் தூண் வணிகர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் உரியது, நீலச் சட்டை. வனத்து அந்தோணியாரின் தூண் உழவர்களுக்கு உரியது, கறுப்புச் சட்டை. வெள்ளைக் காற்சட்டையும் சிவப்பு இடைக்கச்சையும் மூவருக்கும் பொது. ஆயரைச் சாந்தில் தள்ளிய கொத்தனாரின் தொழிலே அவருடைய தூணைச் சுமக்கும் உரிமையைப் பெற்றிருப்பது மன்னிப்பின் முழுமை.

மே 15

தூண்கள் ஆண்டு முழுவதும் பசிலிக்காவில் இருக்கும்; மே மாதத்தின் முதல் ஞாயிறன்று கிடைமட்டமாக ஊருக்குள் இறக்கப்படும். திருவிழா அன்று விடியற்காலையில் முரசு ஊரை எழுப்புகிறது. கொத்தனார்களின் சிற்றாலயத்தில் திருப்பலி. பிறகு சுரூபங்களின் பவனி. நண்பகலை ஒட்டிப் பெரிய சதுக்கத்தில் தூண்களை நிமிர்த்துகிறார்கள். ஒவ்வொரு குழுவின் தலைவரும் தண்டின்மேல் ஏறி மண்குடத்து நீரை ஊற்றிக் குடத்தைக் கூட்டத்தில் எறிவார். உடைந்த ஓடுகள் நற்பேறு தரும் என்று மக்கள் போட்டி போட்டுப் பொறுக்குவார்கள். கொன்சோலி அரண்மனையின் பெரிய மணி முழங்க, தூண்கள் சதுக்கத்தை மூன்று முறை சுற்றும்.

மாலையில் ஆயரின் ஆசியுடன் ஓட்டம் தொடங்குகிறது. குறுகிய தெருக்களைச் சுற்றி, சதுக்கத்தில் மீண்டும் வலம் வந்து, ஊர் மதிலைக் கடந்து செங்குத்தான மலைப்பாதையில் ஏறுகிறது. ஓட்டம் நிற்காமலே, சுமப்பவர்கள் குறிப்பிட்ட இடங்களில் தோள் மாற்றுகிறார்கள். பெரும் பயிற்சியும் ஒற்றுமையும் இல்லாமல் இது நடக்காது.

வரிசை முன்பே முடிவானது: முதலில் உபால்தோ, அடுத்து ஜார்ஜ், கடைசியில் அந்தோணியார். யாரும் முந்தக் கூடாது. தூண் சாயாமல், விழாமல், முன்செல்பவருக்கும் தமக்கும் இடைவெளி விழாமல் ஓடுவதே பெருமை. உச்சியில் மட்டும் ஒரு போட்டி உண்டு. பின்னால் வருபவர்கள் நுழையும் முன் பசிலிக்காவின் கதவைச் சாத்திவிட உபால்தோவின் குழு முயலும். இரவில் மூன்று சுரூபங்களும் மெழுகுவர்த்தி ஒளியில், பாடல்களோடு, ஊருக்குள் திரும்பும்.

எல்லை தாண்டிய மரபு

முதல் உலகப் போரின்போது, 1917 மே மாதத்தில், கோல் தி லானா போர்முனையில் இருந்த குப்பியோ வீரர்கள் தாங்களே தூண்கள் செய்து ஓடினார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பிழைக்கப் போனவர்கள் ஜெசப் என்ற ஊரில் இதே ஓட்டத்தைத் தொடங்கினார்கள். இன்றும் அங்கு நடக்கிறது. கொரோனா பரவலால் 2020, 2021 ஆண்டுகளில் குப்பியோவில் ஓட்டம் நிற்க, 2022-இல் மீண்டும் நடந்தது. சிறுவர்களுக்கெனத் தனியே சிறிய தூண்களும் ஓட்டமும் இருப்பதால் தோள் கொடுக்க அடுத்த தலைமுறை எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது. இந்த மூன்று தூண்களே 1973 முதல் உம்பிரியா மண்டலத்தின் சின்னம்.