வான்படம் வணிகத்துக்கு வந்த வழி: இந்திய நிலவரைபடக் கொள்கையின் போக்கு

1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி பிடித்து அளக்கத் தொடங்கினார். இந்தியத் துணைக்கண்டத்தின் பெரும் முக்கோண அளவைக்கு அதுவே முதல் கோடு. ஆனால் அளந்த நிலத்தின் படத்தை யார் பார்க்கலாம் என்பது வேறு வழக்கு. விடுதலைக்குப் பின் கடற்கரையையும் நாட்டெல்லையையும் ஒட்டிய 80 கி.மீ. அகலப் பட்டையின் விரிவான அளவைப் படங்கள் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டன. அளவை பிறந்த பரங்கிமலையே அந்தப் பட்டைக்குள் கிடந்தது! விமானத்திலிருந்து படமெடுப்பதற்கும் 1937ஆம் ஆண்டு வானூர்தி விதிகள் அனுமதி கேட்டன. இந்திய வணிகத்தின் கைக்கு வான்படம் தாமதமாக வந்ததற்குக் கருவிக் குறைவைவிட இந்த அனுமதி முறையே பெரிய காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

கருவி முன்பே இருந்தது. 1970 வாக்கில் பி. ஆர். பிஷரோட்டி தலைமையிலான குழு ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் கேரளத் தென்னந்தோப்புகளைப் படமெடுத்து, வேர்வாடல் நோயைத் தேடியது. நலமான ஓலை அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பியனுப்பும். நோயுற்றது அவ்வாறு செய்யாது. 1988இல் ஐஆர்எஸ் 1ஏ செயற்கைக்கோள் 36 மீட்டர் நுண்மையில் நாட்டைப் படமெடுத்தது. 1995இல் ஏவிய ஐஆர்எஸ் 1சி அதை 5.8 மீட்டராக்கியது, குடிமைப் பயன்பாட்டுக்கான கோள்களில் அன்று அதற்கு நிகரில்லை. ஆயினும் அந்தப் படங்களைப் பெரும்பாலும் அரசுத் துறைகளே பயன்படுத்தின.

இதில் விலக்காக நிற்பது மீன்பிடித் தொழில். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடல்மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள் தரவிலிருந்து கணித்து, மீன் கூடக்கூடிய இடங்களைத் துறைமுகங்களுக்கு அறிவிக்கிறது. குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் விளிம்பில் மிதவை உயிரிகள் பெருகும். அவற்றைத் தேடி மீன் வரும். விசைப்படகுக்காரருக்குத் தேடும் நேரமும் டீசலும் மிச்சம். இத்தரவின் ஒரு புள்ளி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கடலைக் குறிக்கும். அதில் எந்தப் படைத்தளமும் தெரியாது. யாரையும் அச்சுறுத்தாத தரவு தங்குதடையின்றித் தொழிலுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

நுண்மை கூடியபோதுதான் பூசல் எழுந்தது. 2005இல் கூகுள் எர்த் வந்ததும் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமே பாதுகாப்புக் கவலையை வெளியிட்டார். அதே ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை, படங்களைப் பாதுகாப்பு வரிசை, திறந்த வரிசை என இரண்டாகப் பிரித்தது. 2011இல் பெங்களூருவில் கூகுளின் தெருக்காட்சிப் படமெடுக்கும் வண்டிகளைக் காவல்துறை நிறுத்தியது. 2016இன் வரைவு மசோதா இன்னும் ஒரு படி மேலே போய், அனுமதியின்றி வரைபடத் தரவைக் கையாண்டால் 100 கோடி ரூபாய்வரை அபராதமும் 7 ஆண்டுவரை சிறையும் முன்மொழிந்தது. அது சட்டமாகவில்லை.

ஐந்தே ஆண்டுகளில் காற்று திசைமாறியது. 2021 பிப்ரவரியில் அரசு வெளியிட்ட வரைபடத் தரவு வழிகாட்டுதல்கள் இந்திய நிறுவனங்களுக்கு முன்அனுமதியை நீக்கின. கிடைமட்டத்தில் 1 மீட்டரையும் செங்குத்தில் 3 மீட்டரையும்விட நுண்ணிய தரவைத் திரட்டும் உரிமை அவற்றுக்கே என்றன. அதனால்தான் 2022இல் தெருக்காட்சி சென்னை உள்ளிட்ட 10 நகரங்களுக்கு உள்நாட்டு நிறுவனங்களின் கூட்டோடு திரும்பியது. 2021 ஆகஸ்டின் ட்ரோன் விதிகள் படிவங்களை 25இலிருந்து 5ஆகக் குறைத்தன.

இதற்குப் பின் நேர்ந்ததுதான் ஆய்வாளர் கவனிக்கவேண்டியது. தடுத்த அரசே கேட்கத் தொடங்கிற்று. நெடுஞ்சாலை ஆணையம் சாலைப் பணிகளை மாதந்தோறும் ட்ரோனால் படமெடுக்கச் சொன்னது. 2021 நவம்பரில் திருத்தப்பட்ட கனிம விதிகள், 50 ஹெக்டேருக்குக் குறையாத அல்லது ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்குக் குறையாமல் தோண்டத் திட்டமிடும் சுரங்கங்கள் ஆண்டுதோறும் ட்ரோன் அளவை செய்து படங்களை ஒப்படைக்கவேண்டும் என்றன. அரியலூரின் பெரிய சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் இதற்கு உட்பட்டவை. ஒன்றன்மேல் ஒன்று படியும் நூற்றுக்கணக்கான படங்களைக் கணினி பொருத்திக் குழியின் முப்பரிமாண வடிவத்தைத் தருகிறது. சென்ற ஆண்டின் வடிவத்தைக் கழித்தால் வெட்டியெடுத்த கன அளவு கிடைக்கும். கையிருப்புக் குவியலின் கணக்கும், வெடிவைப்புக்கான திட்டமும் அதே படத்திலிருந்து வருகின்றன. கண்காணிப்புக்காகக் கட்டாயமாக வாங்கிய தரவு, சுரங்க மேலாளருக்கு உற்பத்திக் கருவியாயிற்று.

மனை வணிகம் மட்டும் இந்த ஓட்டத்தில் பின்தங்கியே நிற்கிறது. தமிழ்நாட்டின் பழைய புலப்படங்கள் சங்கிலி அளவில், ஒவ்வொரு புலத்துக்கும் உரிய ஜி கோடு என்னும் அடிக்கோட்டிலிருந்து வரையப்பட்டவை. அட்சரேகையோ தீர்க்கரேகையோ அவற்றில் இல்லை. 10 சென்டிமீட்டர் நுண்மையுள்ள ட்ரோன் படம் கையிலிருந்தாலும், அதன்மேல் புலப்படத்தை வைத்தால் வரப்புகள் பொருந்தாமல் விலகும். கடன் கொடுக்கும் வங்கிக்கு எல்லையில் ஐயம் வந்தால், சர்வேயர் நிலத்தில் இறங்கிக் கல் தேடத்தான் வேண்டியிருக்கிறது.