மிடி

மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட் டிஜிட்டல் இன்டர்ஃபேஸ் என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆன இச்சொல், வறுமையைக் குறிக்கும் தமிழ் ‘மிடி’யோடு ஒலியில் மட்டுமே ஒத்தது. 1983இல் வெளியான இந்நெறிமுறை ஒலியைச் சுமப்பதில்லை. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தத்தில், எப்போது தொடங்கி எப்போது முடியவேண்டும் என்னும் கட்டளைகளையே கருவிகளுக்கிடையே கடத்துகிறது. ஆகவே ‘மிடி இசை’ என்னும் வழக்கு, கறாராக நோக்கின், பிழையே. பழைய கணினி விளையாட்டுகளில் அத்தகைய கட்டளைகளை ஒலியாக்கும் பொறுப்பு பயனரிடமிருந்த ஒலி அட்டையையோ வெளிக்கருவியையோ சார்ந்திருந்ததால், ஓர் அலையின் அதிர்வெண்ணை மற்றோர் அலையால் மாற்றி ஒலி படைக்கும் யமஹா சில்லைக் கொண்ட ஆட்லிப் அட்டையில் உலோகச் சாயலோடு கேட்ட பாடலே, பதிவுசெய்த ஒலித்துணுக்குகளையும் கலந்து பயன்படுத்திய ரோலண்ட் எம்டி-32இல் செழுமையாக ஒலித்தது. 128 இசைக்கருவிகளுக்கு எண் வகுத்த ஜெனரல் மிடி 1991இல் வந்த பின்னரும், முதல் எண்ணுக்குரிய பியானோ எல்லா அட்டைகளிலும் பியானோவாகவே ஒலித்ததென்று சொல்வதற்கில்லை.