வில்லில் எழுதிய எண்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வாழும் நண்பரொருவர் சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு நான்கு புகைப்படங்களை அனுப்பியிருந்தார். பக்கத்து வீட்டு முதியவர் காலமானபின் அவருடைய மனைவி நினைவாகக் கொடுத்த பழைய வில் ஒன்றின் படங்கள் அவை. "கல்வெட்டெல்லாம் படிக்கிறீர்களே, இதையும் படித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார்.

படிப்பதற்கு அதிகம் இல்லை. பேர் ஆர்ச்சரி கம்பெனி, கிரேலிங், மிச்சிகன் என்னும் பெயர், 52 அங்குலம், 45 என்ற எண்ணும் அதையடுத்துப் பவுண்டைக் குறிக்கும் # என்ற குறியும், 28 அங்குலம், ஒரு காப்புரிமை எண், அதனருகே கனடா, 1953. நாம் தயங்காமல் விடை எழுதினோம்: இது 1953ஆம் ஆண்டு வில், இதன் விசை 45 பவுண்டு, 28 அங்குலம் வரை அச்சமின்றி இழுக்கலாம். எழுத்துகளைச் சரியாகப் படித்திருந்தோம். சொன்ன மூன்று செய்திகளும் பிழை. அந்தப் பிழைகளைப் பற்றியதே இக்கட்டுரை.

நண்பர் நம் விடையை நம்பி உடனே நாணேற்றாமல், தம் ஊர் வில்பயிற்சித் திடலுக்கு வில்லை எடுத்துச் சென்றார். அங்கிருந்த முதிய வில்லாளர் ஒருவர் முதலில் ஆண்டைத் திருத்தினார். 1953 என்பது கனடா நாட்டுக் காப்புரிமையின் ஆண்டு; பின்னர் பல ஆண்டுகள் செய்யப்பட்ட வில்களிலும் அவ்வரி இடம்பெற்றது. பிடியின் பக்கத்தில் பதித்திருந்த சிறு உலோக வில்லையை அவர் சுட்டிக்காட்டினார். அத்தகைய வில்லைகள் 1959 முதலே பதிக்கப்பட்டன. ஆகவே வில் அதற்கு முற்பட்டதன்று. மெய்க்கீர்த்தியில் வரும் பழைய வெற்றியின் காலத்தைக் கல்வெட்டின் காலமாகக் கொள்ளலாகாது என்று மாணவர்க்குச் சொல்லித் தருபவர்கள் நாம். அதே பள்ளத்தில் நாமே விழுந்தோம்.

இந்த முதற்பிழையால் யாருக்கும் தீங்கில்லை. மற்ற இரண்டும் அப்படிப்பட்டவையல்ல. அவற்றை விளங்கிக்கொள்ள, வில்லில் எண் எழுதும் வழக்கம் வந்த வரலாற்றைச் சற்றுக் காணவேண்டும்.

ஆளுக்கேற்ற வில்லும் அங்காடி வில்லும்

நாணேற்றாத நிலையில் நுனிகள் எய்பவனுக்கு எதிர்ப்புறமாக வளைந்து நிற்கும் வில்லை ரிகர்வ் என்பர். மறுவளைவு வில் எனலாம். ஆசியாவில் மிகப் பழைய வடிவம் இது. துருக்கியக் கைவினைஞர்கள் நடுவில் மரம், எய்பவனை நோக்கிய பக்கத்தில் கொம்பு, மறுபக்கத்தில் விலங்கின் தசைநார் என மூன்றையும் பசையால் இணைத்தனர். வில் வளையும்போது உட்புறம் நசுங்குகிறது, வெளிப்புறம் நீள்கிறது. நசுங்கலைக் கொம்பும் நீட்சியைத் தசைநாரும் தாங்கின. பால் கிளாப்ஸ்டெக் என்னும் அமெரிக்க இயற்பியலாளர் 1934இல் துருக்கிய வில்லைப் பற்றித் தனி நூலே எழுதினார். அக்காலத்திலேயே கிளாரன்ஸ் ஹிக்மன் என்னும் மற்றோர் இயற்பியலாளர் அம்பின் வேகத்தையும் வில்லின் விசையையும் கருவிகொண்டு அளந்து, வில் செய்யும் கலையைக் கணக்கிற்குள் கொண்டுவந்தார்.

பிரெட் பேர் (1902–1988) இந்தப் புது அலையில் வந்தவர். 1927இல் டெட்ராய்ட் நகரில் ஆர்ட் யங் என்பவரின் அலாஸ்கா வேட்டைத் திரைப்படத்தைக் கண்டு வில்லின்மீது பற்றுக்கொண்டார். 1933இல் டெட்ராய்ட்டில் தொழில் தொடங்கி, 1947இல் கிரேலிங் என்னும் சிற்றூருக்குப் பெயர்ந்தார். 1950களின் தொடக்கத்தில், மரத்தகடுகளின் இருபுறமும் கண்ணாடியிழையை ஒட்டி அச்சில் அழுத்தி மறுவளைவு வில்களைப் பெருமளவில் செய்யும் முறை அவரது ஆலையில் உருப்பெற்றது. கொம்பும் தசைநாரும் செய்த வேலையைக் கண்ணாடியிழை ஏற்றுக்கொண்டது.

இங்கேதான் எண்ணின் தேவை பெருகுகிறது. கைவினைஞன் ஒருவனுக்கென வில் செய்யும்போது, அவன் கையின் நீளமும் தோளின் வலிவும் கண்முன் நிற்கின்றன. ஆலையில் செய்து அங்காடியில் தொங்கும் வில்லை யார் வாங்குவார் என்பது செய்தவர்க்குத் தெரியாது. வாங்குபவர்க்கும் வில்லைத் தெரியாது. இருவருக்கும் இடையே இருந்த அறிமுகத்தின் இடத்தில் ஓர் எண் வந்து அமர்ந்தது.

45 என்பதன் பொருள்

வில்லுக்கு நிலையான விசை என ஒன்று இல்லை. இழுக்க இழுக்க அது கூடும். 45 பவுண்டு என்றால், குறிப்பிட்ட ஒரு நீளம் இழுத்து நிறுத்தும்போது விரல்களின்மேல் விழும் சுமை 45 பவுண்டு என்பதே பொருள். அந்நீளம் 28 அங்குலம். இவ்விரண்டு எண்களும் ஒரே வாக்கியத்தின் இரு பாதிகள். ஒன்றை விட்டு மற்றொன்றைப் படித்தால் பொருள் கெடும்.

அந்த 28 அங்குலத்தை எங்கிருந்து அளப்பது? பழைய வழக்கில் நாணிலிருந்து வில்லின் முதுகு வரை, அதாவது எய்பவனுக்கு அப்பாற்பட்ட முகம் வரை அளந்தனர். பிடியின் பருமன் வில்லுக்கு வில் வேறுபட்டதால் இவ்வளவு நம்பத்தக்கதாக இல்லை. அமெரிக்க வில் உற்பத்தியாளர் சங்கம் வகுத்த தரம் இதை ஒழுங்குபடுத்தியது. பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண்வரை உள்ள தொலைவுடன் 1¾ அங்குலம் கூட்டுக என்பது விதி. எனவே 28 என்று எழுதியிருந்தால், பிடியின் ஆழத்திலிருந்து உண்மையில் இழுத்தது 26¼ அங்குலமே. அங்குலம் ஒன்றுக்கு இரண்டு முதல் மூன்று பவுண்டு வரை விசை மாறக்கூடியது ஆதலின், அளக்கும் இடம் சற்று நகர்ந்தாலும் எண் பொய்த்துவிடும். அரை நூற்றாண்டில் மரமும் பசையும் அடைந்த தளர்ச்சியை அந்த எண் அறியவே அறியாது.

28 என்பதன் பொருள்

நம் பிழைகளுள் பெரியது இதுதான். 28 அங்குலம் என்பது அளந்த இடம். அதை எல்லை என்று யாரும் அங்கே எழுதவில்லை. நீண்ட வில் ஒன்று அதைத் தாண்டியும் இனிதாக வளையும். 52 அங்குலமே உள்ள குறுகிய வேட்டைவில் அந்த இடத்திலேயே தன் வளைவின் பெரும்பகுதியைச் செலவிட்டிருக்கலாம். பழுதுற்ற வில்லுக்கோ 20 அங்குலமும் மிகையாகலாம்.

ஒருவருடைய இழுநீளத்தை அறிய எளிய வழியுண்டு. இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, நுனிவிரல் முதல் நுனிவிரல் வரை அளந்து, 2.5ஆல் வகுக்கவேண்டும். 70 அங்குலம் விரியும் கைக்கு 28 அங்குலம் வரும். நம் நண்பர் நெடியவர். அவர் கைவிரிவு 76 அங்குலம். இழுநீளம் 30 அங்குலத்துக்குச் சற்று மேல். நம் சொல்லை நம்பி அவர் இயல்பாக இழுத்திருந்தால், முகத்திற்கு எதிரே முதிய வில்லொன்று தன் அளவைத் தாண்டி வளைந்து நின்றிருக்கும். முறிந்த வில்லின் துண்டு எப்பக்கம் பாயும் என்று எவராலும் கூறவியலாது.

முதியவர் செய்த சோதனையை நண்பர் விரிவாக எழுதியிருந்தார். வில்லின் இரு கைகளும் முறுக்கின்றி நேராக உள்ளனவா என்று முதலில் பார்த்தார். கண்ணாடியிழைக்கும் மரத்துக்கும் இடையே ஒட்டு விட்டிருக்கிறதா, குறுக்காக விரிசல் ஓடுகிறதா என்று விரல் நகத்தால் தடவினார். பழைய நாணை நீக்கி டெக்ரான் நாண் இட்டார். பிற்காலத்தில் வந்த நீளாத இழை நாண்கள் தரும் அதிர்ச்சியைப் பழைய வில்நுனிகள் தாங்கா. காலால் மிதித்து வளைக்காமல், அதற்கென உள்ள கயிற்றைக்கொண்டு நாணேற்றிச் சிறிது நேரம் சும்மா வைத்தார். பின்பு தராசில் மாட்டி, அங்குலம் அங்குலமாக இழுத்து, ஒவ்வொரு நிலையிலும் விசையைக் குறித்தார். அம்பின்றி நாணை ஒருமுறையும் விடவில்லை. இழுத்ததை மெல்லத் திரும்பக் கொண்டுவந்தார்.

28 அங்குலத்தில் தராசு காட்டியது 43 பவுண்டு. அதுவரை அங்குலத்துக்கு இரண்டரை, மூன்று என ஏறிவந்த விசை, கடைசி அங்குலத்தில் நான்கைத் தாண்டியிருந்தது. இந்தத் திடீர் ஏற்றமே வில் தரும் எச்சரிக்கை. வளைய வேண்டிய அளவு வளைந்தாயிற்று, இனி இழுப்பது என் உடம்பைப் பிளப்பதாகும் என்று வில் தன் மொழியில் சொல்கிறது. முதியவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

எழுதப்படாத பகுதி

இத்தகைய அறிவு ஒருகாலத்தில் எழுதப்படாமலே புழங்கியது. வில் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் திடலில் நின்ற மூத்தவருக்கும் அது தெரிந்திருந்தது. ஹாலெஸ் ஆலன் கண்டறிந்த சக்கர வில்லுக்கு 1969இல் காப்புரிமை கிடைத்தது. 1970களில் வேட்டைக்காரர்கள் அதன் பின்னே சென்றனர். மறுவளைவு வில் 1972 முதல் ஒலிம்பிக் களத்தில் தொடர்ந்து இடம்பெற்றாலும், வீடுகளில் இருந்த ஆயிரமாயிரம் வேட்டைவில்கள் பரணுக்கும் கொட்டகைக்கும் போயின. உரியவர்கள் மறைந்தபோது அவர்கள் அறிந்தவையும் உடன் மறைந்தன. எழுதிய எண் மட்டும் அழியாமல் நின்றது. சூழலை இழந்த எழுத்து மௌனமாக இருந்தால் கவலையில்லை; அது முழு உண்மைபோல் பேசுவதே இடர். நம்மைப் போன்ற படிப்பாளிகள் அதை மேலும் உரக்கப் பேசவைத்துவிடுகிறோம்.

அந்த வில் தமக்குரியதன்று என நண்பர் உணர்ந்துகொண்டார். நாணைக் கழற்றி, வெயில் படாத சுவரில் இரு மரமுளைகளின்மேல் கிடத்தியிருக்கிறார். பிடியில் ஒரு சீட்டைக் கட்டியிருக்கிறார். 28 அங்குலத்தில் 43 பவுண்டு, அளந்த நாள், டெக்ரான் நாண் மட்டுமே, இதற்கு மேல் இழுக்காதீர் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அதில் எழுதியுள்ளார். முதியவரின் மனைவி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, சீட்டில் தம் கணவரின் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னாராம். ஐந்தாவது புகைப்படமாக அதை அனுப்பியிருந்தார். இம்முறை நமக்குப் படித்துச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.