வெள்ளைத் துண்டு வீசும் வரை

தென் மாவட்டங்களில் கன்னி, சிப்பிப்பாறை நாய்களோடு கிளம்பும் முயல் வேட்டை ஒரு காலத்தில் திருவிழாவோடு சேர்ந்தது. பாரி வேட்டை என்பார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் அதற்குப் பூட்டுப் போட்டன. ஊர்கூடி வேட்டையாடுவது இன்று மிச்சமிருப்பது குளத்தில், மீன் பிடிப்பதில்தான்.

திண்டுக்கல்லை அடுத்த நத்தம், சாணார்பட்டி பக்கத்துக் கிராமங்களில் கோடையில் நீர் வற்றும்வரை காத்திருப்பார்கள். அதுவரை யாரும் வலை போடக் கூடாது. நாள் குறித்ததும் அக்கம்பக்கத்து ஊர்களுக்குச் சேதி போகும். விடிவதற்குள் கரை முழுக்கக் கூட்டம். சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிய பிறகே இறங்கலாம். அப்புறம் குளம் கலங்கிச் சேறாகிவிடும்.

வலையும் உண்டு, கொசுவலையும் உண்டு, சேலையும்கூட உண்டு. ஆனாலும் ஊத்தாவுக்கு இருக்கும் மவுசே தனி. மூங்கில் சிம்பில் பின்னிய, அடியில்லாத கூடை அது. சேற்றில் அழுத்தி, மேல்வாய் வழியே கைவிட்டுத் துழாவ வேண்டும். விரால் சிக்கினால் கூச்சல். கெளுத்தி முள் குத்தினால் அலறல்.

பிடித்ததை விற்கக் கூடாது என்பது வழக்கம். இருப்பதிலேயே அழகான விதி இதுதான். மீன் வீட்டுக் குழம்புக்கு மட்டுமே. அன்று மாலை தெருவெல்லாம் புளியும் மீனும் கொதிக்கும் வாசம்.