மல்லிகை ஜீவா: இதழைக் கையில் ஏந்தி நடந்தவர்

டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதி 1960இல் வெளிவந்து இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. சிறுகதைகளாலேயே ஈழத்து இலக்கிய வரலாற்றில் அவருக்கு நிலையான இடம் உண்டு. ஆயினும் அவருடைய பெரும்படைப்பு அவர் நடத்திய மல்லிகை இதழ்தான் என்பது என் துணிபு.

1927இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஜீவாவின் பள்ளிப் படிப்பு, ஆசிரியர் ஒருவர் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதோடு நின்றது. குடும்பத் தொழிலான முடிதிருத்தலுக்கு வந்தார். கஸ்தூரியார் வீதியிலிருந்த சலூனே அவருக்குப் பல்கலைக்கழகமாயிற்று. வாசிப்பும் விவாதமும் பொதுவுடைமை அரசியலும் அங்கே வளர்ந்தன. தமிழகப் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் மேல் கொண்ட பற்றால் பெயரோடு ஜீவா சேர்ந்தது. தமிழகத்தில் விஜயபாஸ்கரன் நடத்திய 'சரஸ்வதி' இவர் கதைகளை வெளியிட்டது. சிற்றிதழ் ஒன்று எழுத்தாளனை எப்படித் தாங்கிப் பிடிக்கும் என்பதை இப்படி அனுபவித்து அறிந்தவர் 1966 ஆகஸ்டில் மல்லிகையைத் தொடங்கினார்.

எழுதி, தொகுத்து, அச்சகத்தில் காத்திருந்து, பிறகு இதழ்க் கட்டைச் சுமந்துகொண்டு தாமே வீதியில் இறங்கி விற்றார். இதை அவருடைய எளிமைக்குச் சான்றாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். எனக்கு அது போதாது. வாசகனை முகத்துக்கு முகம் கண்ட ஆசிரியர் அவர். கடைக்காரரும் ஆசிரியரும் மாணவரும் போன இதழைப் பற்றி அவரிடமே நேரில் பேசினார்கள். 'தூண்டில்' கேள்வி பதில் பகுதியில் அந்த நேர்ப்பேச்சின் சூடு தெரியும்.

நடிகைகளின் படங்கள் அட்டையை ஆண்ட காலத்தில், எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் அவர்கள் வாழும்போதே அட்டையில் வைத்தார். யாழ்ப்பாணத்தில் அச்சான இதழ் திக்குவல்லைக்கும் நீர்கொழும்புக்கும் மலையகத்துக்கும் சிறப்பிதழ் கண்டது. தென்னிலங்கை முஸ்லிம் இளைஞர்கள் பலருக்கு முதல் மேடை மல்லிகையே. சிங்களக் கதைகளும் தமிழாகி வந்தன. இன முரண் முற்றிய ஆண்டுகளிலும் அந்தக் கதவை அவர் சாத்தவில்லை. முற்போக்கு அணியின் இதழ் என்றபோதும் மாற்றுக் கருத்தினருக்கும் அதில் இடமிருந்தது.

போர் அவரைக் கொழும்புக்குப் பெயர்த்தது. மல்லிகையும் அவரோடு போனது. 2012 வரை வெளிவந்து 400 இதழ்களை எட்டியது. 'மல்லிகைப் பந்தல்' வெளியீடாகப் பலரின் நூல்களும் வந்தன. 2021 ஜனவரி 28இல் ஜீவா கொழும்பில் மறைந்தார்.

மல்லிகை இதழ்கள் இன்று 'நூலகம்' எண்ணிமத் தளத்தில் வாசிக்கக் கிடைக்கின்றன. ஈழத்து இலக்கியத்தை ஆராய வரும் இளைஞர்கள் ஜீவாவைப் பற்றிய புகழுரைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, 1970களின் இதழ்களிலிருந்து தொடங்கட்டும்.