எக்ஸ்-33 விண்கலத்தின் கூட்டுப்பொருள் தொட்டி

எக்ஸ்-33 என்பது அமெரிக்காவில் 1996 முதல் 2001 வரை உருவாக்கப்பட்டு வந்த சோதனை விண்கலம். நாசாவும் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனமும் இதில் கூட்டாளிகள். ஒரே அடுக்கில் விண்வெளிக்குச் சென்று திரும்பி, மீண்டும் பறக்கக்கூடிய பெரிய கலம் ஒன்றுக்கு இது பாதி அளவு முன்மாதிரி. ஆனால் இது ஒருமுறைகூடப் பறக்கவில்லை. அதற்கு ஓர் எரிபொருள் தொட்டி முக்கியக் காரணம்.

வழக்கமான ஏவூர்தி, எரிபொருள் தீர்ந்த அடுக்குகளைக் கழற்றி எறிந்துவிட்டு மேலே போகிறது. ஒற்றை அடுக்குக் கலத்தால் அது முடியாது. ஒவ்வொரு கிலோவும் கணக்குத்தான். ஆகவே நீர்ம ஹைட்ரஜன் தொட்டிகளை உலோகத்தில் செய்யாமல், கார்பன் இழையும் எபாக்சி பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருளில் செய்தார்கள். கலத்தின் ஆப்பு வடிவ உடலுக்குள் பொருந்த வேண்டியிருந்ததால், தொட்டி நேர் உருளையாக இல்லாமல் நான்கு புடைப்புகளை ஒட்டவைத்தது போல் இருந்தது. சுவருக்கு உள்ளே ஒரு தோல், வெளியே ஒரு தோல், நடுவில் தேன்கூடு போன்ற வெற்று அறைகள். பாகங்களை ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த உலையில் (நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் பெரிய அண்ணன் என்று கொள்ளலாம்) பல கட்டங்களாகச் சூடேற்றி இறுகவைத்தார்கள்.

1999 நவம்பர் 3 அன்று, அலபாமாவிலுள்ள மார்ஷல் விண்வெளி மையத்தில் ஒரு தொட்டியைச் சோதித்தனர். மைனஸ் 253 டிகிரி செல்சியஸ் குளிருள்ள ஹைட்ரஜனை நிரப்பி, அழுத்தமும் பாரமும் ஏற்றினர். தொட்டி தாங்கியது. ஹைட்ரஜனை வெளியேற்றிய பிறகுதான் வெளித்தோல் உரிந்தது!

விசாரணையில் காரணம் தெரிந்தது. கடுங்குளிரில் உள்தோலில் நுண்ணிய வெடிப்புகள் விழுந்து, அவற்றின் வழியாக ஹைட்ரஜன் தேன்கூட்டு அறைகளுக்குள் கசிந்தது. தொட்டியைச் சுற்றியிருந்த நைட்ரஜனும் வெளிப்பக்கமிருந்து உள்ளே இழுக்கப்பட்டது. தொட்டி காலியாகி வெப்பம் ஏறியதும், சிக்கிய வாயு வெளியேற வழியின்றி விரிந்தது. ஒட்டின் வலிமையோ எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஓரிடத்தில் ஒட்டுக்குள் நாடாத் துண்டு ஒன்றும் கிடந்தது. கார்பன் இழையைக் குறைசொல்வதைவிட, அதை ஒட்டிய விதத்தைக் குறைசொல்வதே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு அலுமினியம்-லித்தியம் தொட்டிக்கு மாற முடிவெடுத்தார்கள். ஆயினும் 2001 மார்ச்சில் நாசா நிதியை நிறுத்தியது.

முயற்சி அதோடு நிற்கவில்லை. போயிங் நிறுவனம் 5.5 மீட்டர் விட்டமுள்ள கூட்டுப்பொருள் தொட்டி ஒன்றை ஆட்டோகிளேவ் இல்லாமலே செய்தது. இழைகளை இயந்திரக் கை அடுக்கியது. கசிவைத் தடுக்க, வழக்கத்தைவிட மெல்லிய அடுக்குகளையும் இடையில் சேர்த்தார்கள். 2014-இல் அதே மார்ஷல் மையத்தில் நீர்ம ஹைட்ரஜனை நிரப்பிச் சோதித்தபோது அது தேறியது.